ரிலீஸ் தேதியைச் சொல்லும் டேஷ்போர்டு எது?

ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரம் போலப் பிரித்த வேலைச் சுற்று, எப்படிப் போகிறது என்று காட்டாத அஜைல் கருவி (மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் முறைக்கான கருவி) இன்றைக்குச் சந்தையில் இல்லை. ஜிரா, அஷூர் டெவ்ஆப்ஸ், கிட்ஹப் ப்ராஜெக்ட்ஸ் என எதைத் திறந்தாலும் இரண்டு வாரக் கணக்கு பளிச்சென்று வந்து நிற்கும். தொல்லை அதற்கு மேல்படியில்தான். ஆறேழு ஸ்பிரிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ரிலீஸ். கிளையண்டும் சேல்ஸ் ஆட்களும் மேனேஜரும் ஸ்பிரிண்டைப் பற்றி விசாரிப்பதே இல்லை. "சொன்ன தேதிக்கு வந்துடுமா? வராதுன்னா எதை எடுத்துட்டா வரும்?" இவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இதற்குப் பதில் சொல்லும் திறமையில் கருவிகளுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. விலைப் பட்டியலையும் வசதிப் பட்டியலையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

எட்டு பேர் முதல் நாற்பது பேர் வரை இருக்கும் டீமை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதைவிடச் சின்ன டீம் என்றால் சுவரில் ஒட்டிய சீட்டுகளே போதும். அதைவிடப் பெரியது என்றால் கருவியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்காது, கொள்முதல் பிரிவு ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். நடுவில் இருப்பவர்கள் கருவியைப் பார்க்கும்போது மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும் என்பது என் கட்சி. ஸ்கோப், அதாவது ரிலீஸுக்குள் செய்ய வேண்டிய மொத்த வேலை, கூடினால் அது தனியாகத் தெரிகிறதா? பாயிண்ட் (வேலையின் அளவுக்கு டீம் போடும் மதிப்பெண்) போடாத டிக்கெட் (பதிவு செய்த ஒரு வேலை) எங்கே போய் விழுகிறது? 'முடிந்தது' என்று கருவி எதைக் கணக்கில் எடுக்கிறது? நிறம், தீம், எத்தனை விட்ஜெட் என்பதெல்லாம் அப்புறம்.

படம் முதலில், கருவி அப்புறம்

கருவிக்குப் போவதற்கு முன்னால் எந்தப் படம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மீதி வேலை இறங்குவதைக் காட்டும் பர்ன்டவுன், முடித்த வேலை ஏறுவதைக் காட்டும் பர்ன்அப், இரண்டும் ஒரே விஷயத்தைத் தலைகீழாகக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஸ்கோப் மாறாத வரைக்கும் அது சரி. ஸ்கோப் மாறாத ரிலீஸை யார் பார்த்திருக்கிறார்கள்?

ஒரு கணக்கு போடுவோம். ரிலீஸ் மொத்தம் 180 ஸ்டோரி பாயிண்ட். ஆறு ஸ்பிரிண்ட். ஸ்பிரிண்டுக்கு 30 வீதம் முடித்தால் சரியாக இருக்கும். மூன்று ஸ்பிரிண்ட் ஓடிவிட்டது. டீம் முறையே 24, 38, 28 முடித்திருக்கிறது. மொத்தம் 90. திட்டப்படி அச்சாகப் போகிறது. ஆனால் இடையில் "இது சின்ன விஷயம்தானே" என்று வந்து சேர்ந்தவை 36 பாயிண்ட். ஆக மொத்த வேலை 216, மீதி 126.

சாதாரணக் கோட்டுப் பர்ன்டவுன் படம் காட்டுவது 180 என்ற எண் 126-க்கு இறங்கிய கதையை மட்டும். மூன்று ஸ்பிரிண்டில் வெறும் 54. அதைப் பார்க்கும் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "டீம் ஏன் இவ்வளவு மெதுவாப் போகுது?" என்பதாகத்தான் இருக்கும். அதே தகவலைப் பர்ன்அப் படத்தில் போட்டால் இரண்டு கோடுகள். கீழே முடித்த வேலை 90-க்கு ஏறியிருக்கிறது. மேலே மொத்த வேலை 180-இலிருந்து 216-க்கு ஏறியிருக்கிறது. இப்போது கேள்வி மாறுகிறது: "இந்த 36 எங்கிருந்து வந்தது, யார் சரி சொன்னது?" பேச்சு போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

தேதியும் இதிலிருந்தே வரும். இனி ஒன்றும் சேராது என்று வைத்துக்கொண்டால் 126-ஐ 30-ஆல் வகுத்து 4.2, அதாவது இன்னும் ஐந்து ஸ்பிரிண்டுக்குள் முடியும். இதுவரை சேர்ந்த வேகத்திலேயே, ஸ்பிரிண்டுக்கு 12 வீதம், தொடர்ந்து சேர்ந்தால் மீதி குறைவது 18 வீதம்தான். ஏழு ஸ்பிரிண்ட் ஆகும். கையில் இருப்பதோ மூன்று. "ஐந்து முதல் ஏழு, ஸ்கோப்பை இன்றே பூட்டினால் ஐந்து" என்று சொல்ல முடிகிற டேஷ்போர்டுதான் வேலைக்கு ஆகும். ஆகவே ரிலீஸ் அளவில் பர்ன்அப்புக்கே என் ஓட்டு. பர்ன்டவுன் ஸ்பிரிண்டுக்குள் இருக்கட்டும்.

கூடவே ஒரு கியூமுலேட்டிவ் ஃப்ளோ படம் இருந்தால் நல்லது. பேர்தான் பயமுறுத்தும். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை டிக்கெட் நிற்கிறது என்று அடுக்கடுக்காக வண்ணப் பட்டை போட்டுக் காட்டும், அவ்வளவுதான். 'டெஸ்டிங்' பட்டை வாராவாரம் தடித்துக்கொண்டே வந்தால், டெவலப்பர்கள் முடித்துத் தள்ளுகிறார்கள், க்யூஏ (சோதனை) ஆட்கள் இரண்டு பேரும் மூச்சு முட்டிக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். பாயிண்ட் கணக்கில் இது கடைசி ஸ்பிரிண்டில்தான் தெரியவரும். பட்டையில் முதல் மாதமே தெரியும்.

கிட்ஹப்: கோட் இருக்கும் இடத்திலேயே

கோட் ஏற்கெனவே கிட்ஹப்பில் இருந்தால் இதைத்தான் முதலில் முயல வேண்டும். டேஷ்போர்டு பொய் சொல்வதற்குப் பாதிக் காரணம் யாரும் டிக்கெட்டை நகர்த்தாமல் விடுவதுதான். புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) மெர்ஜ் ஆனதும் அதோடு இணைத்த இஷ்யூ (கிட்ஹப்பில் டிக்கெட்டின் பெயர்) தானாக மூடிக்கொள்ளும் இடத்தில் அந்தப் பிரச்சினை பெரிதாக வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் "எல்லாரும் டிக்கெட்டை அப்டேட் பண்ணுங்கப்பா" என்று சாட்டில் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் கிட்ஹப்பில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று பழைய மைல்ஸ்டோன், இஷ்யூக்களை ஒரு இலக்கின் கீழ் சேர்த்து வைப்பது. தேதி ஒன்று, சதவீதப் பட்டை ஒன்று. அந்தச் சதவீதம் வெறும் எண்ணிக்கை: மூடிய இஷ்யூவை மொத்த இஷ்யூவால் வகுத்தது. 50-இல் 40 மூடினால் 80 சதவீதம். மூடிய 40-இல் பாதி எழுத்துப் பிழைத் திருத்தமாக இருக்கலாம். திறந்திருக்கும் பத்தில் ஒன்று பேமெண்ட் கேட்வே மாற்றமாக, இன்னொன்று பழைய டேட்டாவைப் புது டேட்டாபேஸுக்கு நகர்த்துவதாக இருக்கலாம். பட்டைக்கு எல்லாம் ஒன்றுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. திறந்திருக்கும் ஐந்தை அடுத்த மைல்ஸ்டோனுக்குத் தள்ளிப் பாருங்கள். 45-இல் 40, கிட்டத்தட்ட 89 சதவீதம். ஒருவரும் ஒரு வரி கோட் எழுதவில்லை, ரிலீஸ் ஒன்பது சதவீதம் முன்னேறிவிட்டது!

இரண்டாவது, 2022-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட புதிய ப்ராஜெக்ட்ஸ். இதில் எண், தேதி, இடரேஷன் (ஸ்பிரிண்ட்) என்று நாமே புலங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 'பாயிண்ட்' என்று ஒரு எண் புலம் வைத்து, இன்சைட்ஸ் பகுதியில் அதன் கூட்டுத்தொகையை வைத்துப் பர்ன்அப் படம் போடலாம். எண்ணிக்கை மட்டும் காட்டும் மைல்ஸ்டோன் பட்டையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. முன்கணிப்புக் கோடு மட்டும் கிடையாது. தேதியை நீங்களே கணக்குப் போட வேண்டும். இன்னொரு பொறி: ஆர்க்கைவ் செய்த உருப்படிகளை இன்சைட்ஸ் கணக்கில் எடுக்காது. முடிந்ததைத் தானாக ஆர்க்கைவ் செய்யும் ஒர்க்ஃப்ளோவை யாராவது ஆர்வத்தில் போட்டுவிட்டால், மாதக்கணக்கில் முடித்த வேலை படத்திலிருந்து காணாமல் போகும். ரிலீஸ் முடியும் வரை அந்த ஒர்க்ஃப்ளோவை அணைத்து வையுங்கள்.

கிட்லேபின் கதையும் ஏறக்குறைய இதேதான், இரண்டு வித்தியாசங்களுடன். மைல்ஸ்டோனிலேயே பர்ன்டவுன், பர்ன்அப் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும், எண்ணிக்கையிலும் பார்க்கலாம், எடையிலும் (பாயிண்ட் போன்றது) பார்க்கலாம். பல ரெப்போக்களுக்கு (கோட் கிடங்குகளுக்கு) பொதுவாக க்ரூப் மைல்ஸ்டோன் ஒன்றைப் போடலாம் என்பது இன்னும் வசதி. ஆனால் அந்தப் படங்களும் எடைப் புலமும் காசு கொடுக்கும் ப்ரீமியம் நிலையில்தான். இலவசத்தில் கிட்லேப் வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது அதே சதவீதப் பட்டை.

ஜிரா: எல்லாம் இருக்கிறது, அதுதான் பிரச்சினையும்

ஜிராவைத் திட்டுவது நம் தொழிலில் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் ரிலீஸ் என்ற கருத்தை ஒழுங்காக உள்ளே வைத்திருக்கும் கருவி என்று பார்த்தால் இதுதான். ஒவ்வொரு டிக்கெட்டிலும் எந்த ரிலீஸுக்கு என்று சொல்லும் 'ஃபிக்ஸ் வெர்ஷன்' புலம் உண்டு. அதை நிரப்பினால் வெர்ஷன் ரிப்போர்ட், ரிலீஸ் பர்ன்டவுன் இரண்டும் தாமாக வரும். ரிலீஸ் பர்ன்டவுன் சாதாரணக் கோட்டுப் படம் போல இல்லை. ஒவ்வொரு ஸ்பிரிண்டுக்கும் ஒரு தூண், இடையில் சேர்ந்த வேலையைத் தனி நிறத்தில் அடிக்கோட்டுக்குக் கீழே இறக்கிக் காட்டும். மேலே சொன்ன 36 பாயிண்ட் இதில் ஒளிய முடியாது. கடந்த மூன்று ஸ்பிரிண்டின் வேகத்தை வைத்து இன்னும் எத்தனை ஸ்பிரிண்ட் ஆகும் என்றும் சொல்லும்.

வெர்ஷன் ரிப்போர்ட் இன்னும் ஒரு படி மேல். நம்பிக்கையான தேதி, மோசமானால் ஆகும் தேதி என்று இரண்டு எல்லை போட்டுக் காட்டும். அதில் சிவப்புக் கோடு ஒன்றும் ஓடும், பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பாயிண்ட் போடாத டிக்கெட் எத்தனை சதவீதம் என்று சொல்லும் கோடு அது. அந்தக் கோடு உயரத்தில் இருந்தால் மேலே சொன்ன தேதிகளைப் பார்க்கவே வேண்டாம், இல்லாத வேலைக்குத் தேதி சொல்கிறது என்று விட்டுவிடலாம். ப்ராஜெக்ட் தொடங்கும்போதே கம்பெனி-மேனேஜ்டு (நிர்வாகி அமைக்கும்) வகையையும் ஸ்க்ரம் போர்டையும் (ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்பவர்களுக்கானது) எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ரிப்போர்ட்டுகள் அதற்காகச் செய்யப்பட்டவை.

இப்போது தொல்லைகள். போர்டின் ரிப்போர்ட்டுகளைப் பொறுத்தவரை 'முடிந்தது' என்றால் போர்டின் வலது கோடி நெடுவரிசை. அவ்வளவுதான். ஒரு டீமின் போர்டில் வலது கோடி 'க்யூஏ ஓகே', இன்னொரு டீமின் போர்டில் அது 'ப்ரொடக்‌ஷனில்'. ஒரே வெர்ஷனுக்கு இரண்டு போர்டில் இரண்டு எண் வரும், கூட்டத்தில் யார் சொல்வது சரி என்று அரை மணி நேரம் போகும். இரண்டு பேரும் சரிதான். இதோடு, டிக்கெட் எப்படித் தீர்ந்தது என்று சொல்லும் ரிசல்யூஷன் புலம் தனிக் கூத்து. டிக்கெட்டை 'டன்' நிலைக்கு நகர்த்தினாலும் ஒர்க்ஃப்ளோவில் ரிசல்யூஷனை நிரப்பும் படி வைக்காவிட்டால், 'உருவானவை–தீர்ந்தவை' கேட்ஜெட் அதைத் தீராத கணக்கிலேயே வைத்திருக்கும். போர்டு ஒன்று சொல்லும், டேஷ்போர்டு ஒன்று சொல்லும். ஜிராவைப் புரிந்த ஒருவர், பாதி நேரமாவது அதற்கென்று ஒதுங்கிய ஒருவர், டீமில் இல்லையென்றால் ஜிராவை எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேகத்தை வைத்துப் போடும் தேதிக்கு இன்னொரு பலவீனம். தீபாவளி வாரத்தில் பாதி டீம் ஊரில் இருக்கும், பொங்கல் வாரத்தில் அலுவலகமே காலி. போர்டு அமைப்பில் வேலையில்லா நாட்களைக் குறிக்க இடம் இருக்கிறது. அதை நிரப்பாத வரைக்கும் ஜிராவுக்கு ஜனவரி பதினைந்தும் வேலை நாள்தான்.

மூன்று நான்கு டீம் சேர்ந்து ஒரே ரிலீஸ் என்றால் இன்னொரு கணக்கு வருகிறது. வெர்ஷன் என்பது ப்ராஜெக்டுக்குள் அடங்கியது. ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் அதே பெயரில் வெர்ஷன் உருவாக்கி, பெயரை வைத்து ஃபில்டர் எழுதி டேஷ்போர்டில் சேர்க்கலாம். ஒருவர் '4.2' என்றும் இன்னொருவர் 'வெர்ஷன் 4.2' என்றும் போட்டால் கதை முடிந்தது. இதைச் சரியாகச் செய்ய 'பிளான்ஸ்' என்ற வசதி உண்டு, பழைய பெயர் அட்வான்ஸ்டு ரோட்மேப்ஸ். அது ப்ரீமியம் நிலையில். பத்து பேர் வரை இலவசம் என்று நுழைபவர்கள் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிராவின் சர்வர் வகைக்கு ஆதரவு 2024 பிப்ரவரி 15-உடன் முடிந்துவிட்டது. டேட்டா சென்டர் வகையும் 2029 மார்ச்சில் முடியும் என்று ஜிராவைச் செய்யும் அட்லாசியன் அறிவித்துவிட்டது. வங்கி, அரசு வேலை செய்யும் டீம்கள் இன்று புதிதாக அந்த வழியில் இறங்குவதில் அர்த்தமில்லை.

அஷூர் டெவ்ஆப்ஸ்: பேசப்படாத நல்ல படம்

இதைப் பற்றி யாரும் ஆர்வமாகப் பேசிக் கேட்டதில்லை. மைக்ரோசாஃப்ட் கடையில் வேலை செய்பவர்கள் மட்டும் சத்தமில்லாமல் வைத்திருப்பார்கள். ஆனால் நான் முதலில் சொன்ன மூன்று கேள்வியில் முதல் இரண்டுக்கும் ஒரே விட்ஜெட்டில் பதில் தருவது இதுதான். பர்ன்அப் அல்லது பர்ன்டவுன் விட்ஜெட்டை டேஷ்போர்டில் போட்டால், மொத்த ஸ்கோப் எவ்வளவு கூடியது, மதிப்பிடாத உருப்படி எத்தனை, சராசரி வேகம் என்ன என்பதெல்லாம் படத்தோடு எண்ணாகவே வந்து நிற்கும். யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட டீம்களை ஒரே படத்தில் சேர்க்கவும் முடியும். ஜிராவில் ப்ரீமியம் காசு கேட்கும் விஷயம் இது.

குறை என்னவென்றால், ஜிராவில் இருப்பது போல ரிலீஸுக்கென்று கைக்குத் தோதான புலம் கிடையாது. இடரேஷன் பாதையை மரமாக வைத்து, 'ரிலீஸ் 4' என்ற கிளைக்குக் கீழே ஸ்பிரிண்டுகளை அடுக்குவது வழக்கம். இல்லையென்றால் டேக் போட்டு ஃபில்டர் செய்ய வேண்டும். முதல் வழியில் ஒரு சிக்கல் வரும்: ஒரே ஸ்பிரிண்டில் 4.1-க்கான ஹாட்ஃபிக்ஸும் (அவசரத் திருத்தமும்) 5.0-க்கான வேலையும் நடந்தால் மரம் தாங்காது. அப்படிப்பட்ட டீமுக்கு டேக்தான் கதி. டேக் எழுதுவதில் ஒழுக்கம் வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை முதல் ஐந்து பேருக்கு இலவசம். வெறும் 'ஸ்டேக்ஹோல்டர்' அணுகல் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இலவசம். கிளையண்ட் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்க வருபவர்களுக்கு லைசென்ஸ் வாங்கும் தலைவலி இல்லை என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். வருடக் கடைசியில் பில் வரும்போது தெரியும்.

மற்றவை, சுருக்கமாக

ரெட்மைன் 2006 முதல் இருக்கிறது. அதன் ரோட்மேப் பக்கம் வெர்ஷன்வாரியாகப் பட்டை போட்டுக் காட்டும், சொந்த சர்வரில் ஓடும், காசு கேட்காது. பர்ன்அப் வேண்டுமென்றால் ப்ளக்-இன் தேட வேண்டும், ரெட்மைனை அப்கிரேட் செய்யும்போது ப்ளக்-இன் கூடவே வருமா என்பது ஜோசியம். அதே வம்சத்தில் வந்த ஓபன்ப்ராஜெக்ட் இப்போது தெம்பாக இருக்கிறது. பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்), பர்ன்டவுன், கான்ட் படம் (வேலைகளின் காலப் பட்டை) எல்லாம் உண்டு. டேட்டா வெளியே போகக்கூடாது என்பவர்கள் ஜிரா டேட்டா சென்டருக்குப் பதில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

ஸோஹோ ஸ்பிரிண்ட்ஸும் இருக்கிறது. ஏற்கெனவே ஸோஹோவின் மற்றப் பொருட்களுக்குள் வாழும் நிறுவனத்துக்கு இது இயல்பான தேர்வு; பர்ன்அப், வெலாசிட்டி (ஸ்பிரிண்டுக்கு முடிக்கும் வேகம்), கியூமுலேட்டிவ் ஃப்ளோ எல்லாம் உள்ளேயே வரும். ட்ரெல்லோவை ரிலீஸ் கண்காணிப்புக்கு எடுக்காதீர்கள். கார்டு நகர்த்த அருமையான கருவி, கூட்டிக் கணக்குப் போட அல்ல.

ஷீட்டைக் கேலி செய்யாதீர்கள்

கூகுள் ஷீட்டை டேஷ்போர்டாகக் காட்டினால் சிரிக்கும் ஆட்கள் உண்டு. டிக்கெட்டுகளை ஷீட்டில் வைத்துக் கண்காணிப்பது முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்கணிப்புக்கு மட்டும் ஷீட்டைப் போல வசதியானது வேறில்லை. இங்கே சொன்ன கருவிகள் தரும் தேதியெல்லாம் சராசரி வேகத்தை நம்பி நிற்கிறது. 24, 38, 28 எடுத்த டீமுக்குச் சராசரி 30. ஆனால் ஒருமுறைகூட அவர்கள் 30 எடுக்கவில்லையே.

செய்ய வேண்டியது எளிது. கடந்த எட்டு பத்து ஸ்பிரிண்டின் வேகத்தை ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தப் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்துக் கூட்டிக்கொண்டே போய், மீதி 126-ஐத் தாண்ட எத்தனை ஸ்பிரிண்ட் ஆனது என்று குறிக்கச் சொல்லுங்கள். ராண்ட்பிட்வீன், இண்டெக்ஸ் இரண்டு ஃபார்முலா போதும். ஆயிரம் வரி இழுத்துவிட்டால், "ஐந்து ஸ்பிரிண்டுக்குள் முடிவதற்கு 100-க்கு இத்தனை வாய்ப்பு" என்று சொல்லிவிடலாம். 100-க்கு 85 வரும் இடத்தைத் தேதியாகச் சொல்வது நல்ல வழக்கம். ஒரு எச்சரிக்கை: ஷீட்டில் எந்தச் செல்லைத் தொட்டாலும் எண்கள் மறுபடி குலுங்கும். மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது 85 என்று சொன்னது 83 ஆகிவிட்டால் பதில் சொல்லி மாளாது. முடிவை மதிப்பாக ஒட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசி மூன்று வாரம் வேறு விளையாட்டு

பெரும்பாலான டீம்களில் பக்குகளுக்குப் பாயிண்ட் போடுவதில்லை. போடவும் தேவையில்லை. ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். ஃபீச்சர் வேலையெல்லாம் முடிந்து பர்ன்அப்பின் இரண்டு கோடும் தொட்டுக்கொண்டு நிற்கும். டேஷ்போர்டு நூறு சதவீதம் என்கிறது, டீம் ராத்திரி பதினொரு மணிக்கு யூஏடி (வாடிக்கையாளர் ஏற்புச் சோதனை) பக் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே பாயிண்ட் படத்தை ஓரம் கட்டிவிட்டு வேறு எண்ணுக்கு மாற வேண்டும்: ரிலீஸைத் தடுக்கும் பக் எத்தனை திறந்திருக்கிறது?

இதைப் பல வருடமாக எல்லார் கண் முன்னாலும் செய்து காட்டுகிறவர்கள் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தினர். கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் என்ற மூன்று தீவிர நிலைகளில் உள்ள பக்குகள்தான் அவர்களுக்கு 'ரிலீஸ் கிரிட்டிகல்'. அவற்றின் எண்ணிக்கையைக் காலவாரியாக வரைபடமாகப் பொதுவில் வைக்கிறார்கள். ஃப்ரீஸ் (புது மாற்றங்களை நிறுத்தி வைப்பது) தொடங்கியதும் அந்தக் கோடு இறங்க ஆரம்பிக்கும். ஃப்ரீஸும் ஒரே நாளில் விழும் கதவு அல்ல, படிப்படியாக இறுகுவது. டெபியன் 13, 'ட்ரிக்ஸி', 2025 மார்ச்சில் முதல் நிலைக்குள் நுழைந்து ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. ஸ்டோரி பாயிண்ட், வெலாசிட்டி எதுவும் அவர்களிடம் இல்லை. தயாரானால் வெளியிடுவோம் என்பவர்களுக்குத் தயாரா இல்லையா என்று சொல்ல அந்த ஒரு கோடு போதுமானதாக இருக்கிறது.

எதிர் முனையில், சர்வர்களில் ஓடும் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் திறந்தமூல மென்பொருளான குபர்நெட்டிஸ். தேதி இவர்களுக்கு மாறாது; 2021 முதல் வருடத்துக்கு மூன்று ரிலீஸ். வரவிருக்கும் ஒவ்வொரு மேம்பாட்டையும் ரிலீஸ் டீம் கிட்ஹப் ப்ராஜெக்ட் போர்டில் வைத்துத் துரத்துகிறது. சதவீதம் எதுவும் கிடையாது. 'கோட் ஃப்ரீஸுக்குக் கணக்கில் இருக்கிறது', 'ஆபத்தில்', 'மைல்ஸ்டோனிலிருந்து நீக்கப்பட்டது' என்கிற மாதிரி நிலைகள்தான். ஃப்ரீஸ் தேதிக்குள் நிபந்தனையை நிறைவேற்றாத மேம்பாடு அடுத்த ரிலீஸுக்குப் போகும். வேண்டுமென்றால் விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். தேதியை விட்டுக்கொடுக்காமல் ஸ்கோப்பை விட்டுக்கொடுக்கும் டீமுக்கு இந்தப் போர்டு எந்த பர்ன்அப்பையும்விட நன்றாக உதவும். "எதை எடுத்துட்டா வரும்?" என்ற கேள்விக்கு நேரடிப் பதில் அந்த 'ஆபத்தில்' பட்டியல்தானே.

அப்படியென்றால் யாருக்கு எது?

கிட்ஹப்பில் கோட், ஒரே டீம், பதினைந்து பேருக்குள்: கிட்ஹப் ப்ராஜெக்ட்ஸ், பாயிண்ட் புலம், தேதிக்கு ஒரு ஷீட். வேறு எதையும் வாங்காதீர்கள். கிட்லேப் ப்ரீமியம் ஏற்கெனவே இருந்தால் அதன் மைல்ஸ்டோன் படமே போதும். மைக்ரோசாஃப்ட் சூழலில் இருக்கிறீர்கள், டீம்கள் இரண்டு மூன்று: அஷூர் டெவ்ஆப்ஸ், யோசிக்கவே வேண்டாம். டீம்கள் பல, கிளையண்டுக்கு வெர்ஷன்வாரியாகக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், ஜிராவைப் பராமரிக்க ஆள் இருக்கிறார்: ஜிரா. அந்த ஆள் இல்லையென்றால் முந்தைய வரிக்குத் திரும்புங்கள். சர்வர் உங்கள் கட்டடத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றால் ஓபன்ப்ராஜெக்ட்.

தேதி மாறக்கூடாத டீம், உதாரணமாக வரித் தாக்கல் தேதிக்கோ பரீட்சை முடிவு நாளுக்கோ மென்பொருள் கொடுப்பவர்கள், எந்தக் கருவியை எடுத்தாலும் குபர்நெட்டிஸ் பாணி நிலைப் பலகையை முதல் திரையாக வைக்கலாம். மற்றவர்கள் பர்ன்அப்பை முதல் திரையில் வைத்து, ஃப்ரீஸ் தொடங்கிய நாளில் அதைக் கழற்றிவிட்டுத் தடை பக் எண்ணிக்கையை அங்கே மாட்டலாம்.

இரண்டு கருவிக்கு நடுவில் இழுபறி என்றால் டெமோ வீடியோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். விற்பனைக்காரர் காட்டும் டெமோவில் ஸ்கோப் கூடுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? உங்களுடைய போன ரிலீஸை எடுங்கள், முக்கியமாகத் தள்ளிப்போன ஒன்றை. அதன் டிக்கெட்டுகளை உருவான தேதி, முடிந்த தேதி, பாயிண்ட் மூன்றோடும் சிஎஸ்வி-யாக (ஷீட்டில் திறக்கும் கோப்பாக) இறக்குங்கள். புதுக் கருவியில் அதை ஏற்றினால் எல்லா டிக்கெட்டும் இன்றைக்கு உருவானது போலப் பதிவாகி வரலாறு சிதைந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு ஸ்பிரிண்டின் கடைசி நாளுக்கும் கருவி காட்டும் எண்களை ஷீட்டில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு மத்தியானம் போதும். ரிலீஸ் தள்ளிப்போகும் என்று மூன்றாவது ஸ்பிரிண்டிலேயே சொல்லியிருக்குமா, கடைசி ஸ்பிரிண்டில்தான் சொல்லியிருக்குமா என்று பார்த்துவிட்டு, முன்னால் சொல்வதற்குக் காசு கொடுங்கள்.